பந்து பிடிப்பது வேலையா, விளையாட்டா?

1

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் என்னை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு நான் கோல் காத்த மனுவேற்பிள்ளை. மற்ற வகையினருக்கு, திண்டுக்கல்லில் சோற்றுக்காகச் சொந்த ஊரை விட்டுக் கொடுத்தவன்.

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி, இங்கே திண்டுக்கல் பேகம்பூர் டீக்கடையில் என் பேச்சை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்கள்தானே அண்ணை அந்தக் கோலை விட்டது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கேள்விப்பட்ட பழைய கதையொன்றைச் சரிபார்க்கிற ஆர்வம் மட்டுமே இருந்தது. "ஓம், நான்தான்" என்று சொல்லிவிட்டு என் தேத்தண்ணியைக் குடித்தேன். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. ஒருவருக்குச் சொல்லி முடித்தால் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவி ரோசம்மாளிடம் சொன்னேன்.

"அப்ப எழுதிப் போடுங்க. வாயால சொன்னா நீங்க பாதியில விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. அதனால் பாசையூர்ச் சனங்களே, உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது ஐம்பதுகளின் நடுவில். வந்ததற்குக் காரணம் ஓர் ஆட்டுத்தோல் வியாபாரி. பேகம்பூரில் தோல் ஷாப்பு நடத்திய ராவுத்தர் ஒருவர் வியாபார விசயமாக யாழ்ப்பாணம் வந்திருந்தார். தோல் பதனிடும் இடத்தை இங்கே தோல் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். மனிதருக்கு உதைபந்தாட்டப் பைத்தியம். அந்தோனியார் திருநாளையொட்டி எங்கள் கடற்கரை மணலில் நடந்த ஆட்டத்தை யாரோ சொல்லிப் பார்க்க வந்தவர், முடிந்தவுடன் என்னிடம் வந்து என் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி.

"எங்க ஊருக்கு வாரியா தம்பி? ஒரு டோர்னமெண்டு. ஆடிட்டு வந்துரலாம்."

எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போவதும் மாலையில் பந்து பிடிப்பதும்தான் வாழ்க்கை. மூன்று மாத விசாவில் கப்பலேறினேன். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து ரயில். திண்டுக்கல்லில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெரிய மொட்டைப் பாறையும் அதன் மேலிருந்த கோட்டையும். முதலில் மூக்கில் ஏறியது தோல் ஷாப்பின் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை. மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போது அந்த வாடை எனக்குத் தெரிவதே இல்லை.

ராவுத்தரின் அணியில் எல்லோரும் அவருடைய தொழிலாளிகள். பகல் முழுதும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் உரசிவிட்டு மாலையில் மலையடிவார மைதானத்துக்கு வருவார்கள். அவர்களில் ஒருவன் பக்கீர். சித்தையன்கோட்டைக்காரன். ஒல்லியாக, எந்நேரமும் சிரிப்பாக இருப்பான். அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். முதல் நாளே என்னை "அண்ணே" என்றான். அன்றிலிருந்து தினமும் ஆட்டம் முடிந்தபின் அவன் அடிப்பதும் நான் பிடிப்பதுமாகப் பொழுது சாயும்வரை நிற்போம். அந்த டோர்னமெண்டில் ஜெயித்தோம். ராவுத்தர் இன்னொன்றுக்கு இருக்கச் சொன்னார். விசாவை நீட்டினோம். அதற்குப் பிறகு இன்னொன்று. இப்படித்தான் ஒருவன் வெளிநாட்டில் குடியேறுகிறான். குடியேறுவதென்று முடிவெடுத்த நாள் எதுவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

3

இரண்டு ஊரிலும் பேசுவது தமிழ்தானே, என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

வந்த மறுநாள் டீக்கடைக்காரர், "வா அப்பு, உக்காரு" என்றார். எனக்குப் பின்னால் எந்தக் கிழவர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். நம்மிடத்தில் அப்பு என்றால் தாத்தா. இங்கே இளவட்டத்தைக் கூப்பிடுகிற செல்லப் பேச்சு. "சுகமாய் இருக்கிறியளோ" என்று நான் கேட்டால் மலையாளமா என்று கேட்டார்கள். "ஓம்" என்றால் பேகம்பூர் ஆட்கள் நான் மந்திரம் சொல்வதாகச் சிரித்தார்கள்.

ரோசம்மாளை வந்த மறு வருசம் கட்டினேன். அவள் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவள். வேதக்கோயிலில் பூசை முடிந்து வரும்போது அவள் பக்கமிருந்து புகையிலை மணம் வரும். பாசையூரில் எங்கள் ஆச்சியின் வெற்றிலைக் கொட்டப்பெட்டியில் வந்த அதே மணம். அதுதான் முதலில் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்று சொன்னால் இன்றுவரை நம்பமாட்டாள்.

கலியாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தேன். சோறும் ரசமும் இருந்தன.

"கறி இல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கிழமையிலயா கறி கேக்குறீங்க? சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?"

எங்களுக்குக் கத்தரிக்காயும் கறி, பூசணிக்காயும் கறி. இவர்களுக்குக் கறி என்றால் இறைச்சி மட்டும், வேதக்காரருக்கு வெள்ளிக்கிழமையில் அது விலக்கு. நான் கேட்டதை இங்கே வெஞ்சனம் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லால் என்னை ஒரு மாதம்வரை பக்தியில்லாதவன் என்றே நினைத்திருந்தாள்.

மகன் அமலன் பிறந்தான். அவன் வாயில் முதலிலிருந்தே "வாரேன், போறேன்"தான். அவனை அவசரப்படுத்த நான் "கெதியா வா" என்றால் "அப்பா இங்கிலீசு பேசுறாரு" என்று தாயிடம் போய்ச் சொல்வான். திருத்தப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். தெருவெல்லாம் ஒரு பக்கம், நான் ஒருவன் ஒரு பக்கம்.

4

ஒவ்வொரு வருசமும் விசா நீட்டிப்புக்காக மதுரைக்குப் போக வேண்டும். திண்டுக்கல் மதுரை ஜில்லாவில் இருப்பதால் எல்லா விசயத்துக்கும் மதுரைதான். முதல் பஸ்ஸில் போய், மரத்தடியில் நின்று, கூப்பிடும்போது உள்ளே போய், நாளைக்கு வா என்று சொன்னால் மறுபடி முதல் பஸ். ராவுத்தர் ஜாமீன். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாகக் கூடவே வருவார்.

குமாஸ்தா முதலில் என் பெயரில் முட்டிக்கொள்வார். "மனுவேல் பிள்ளை. பிள்ளைமாரா நீங்க? மதம்னு கேட்ட எடத்துல கிறிஸ்டியன்னு இருக்கே?" பிள்ளை என்பது எங்கள் பக்கத்தில் பெயரின் வால், சாதியில்லை என்று விளக்குவேன். மறு வருசம் வேறு குமாஸ்தா. மறுபடி விளக்குவேன்.

அதிகாரி ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கலை. பந்து பிடிக்கிறது வேலையா, விளையாட்டா?"

நான் ராவுத்தரைப் பார்த்தேன்.

"விளையாட்டுன்னா, விருந்தாளியா வந்து ஆடிட்டுப் போகலாம். வருசக்கணக்கா யாருய்யா விளையாடுவா? வேலைன்னா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். கோல் பிடிக்க இந்தியாவுல ஆளே இல்லையான்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் எழுதுறது?"

"ஆளுக இருக்காங்க சார்," என்றார் ராவுத்தர். "பந்து நிக்கிற கைதான் இல்ல."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்ததால் அந்த வருசமும் விருந்தாளியாகவே நீட்டிப்புக் கிடைத்தது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. மாதாமாதம் ராவுத்தர் குடும்பச் செலவுக்குக் கொடுத்துவந்தார். அவரும் அதைச் சம்பளம் என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னால் அது வேலையாகிவிடும்.

5

அறுபதுகள் தொடங்கிச் சில வருசங்களில், அமலனுக்கு ஆறேழு வயதிருக்கும்போது, ராவுத்தருக்கு ஓர் ஆசை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அணியை வரவழைத்துத் திண்டுக்கல்லில் ஆட வைக்க வேண்டும். வேறு எந்த அணி, பாசையூர்தான். என் மச்சான் கிறகோரிதான் அப்போது அதற்குத் தலைவன். அவர்களுக்குக் கூட்டமாகப் பத்து நாள் விசா எளிதாகக் கிடைத்தது. வருகிறார்கள், ஆடுகிறார்கள், போகிறார்கள். அரசாங்கத்துக்கு அது தெளிவான விசயம்.

நான் சந்தோசத்தில் இருந்தேன். எங்கள் ஊரார் முன்னால் தோல் ஷாப்பு அணிக்குக் கோல் காப்பேன், ஆட்டம் முடிந்து கிறகோரியைக் கட்டிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவேன் என்று கனவு கண்டேன். அந்த நேரம் பார்த்து, ராவுத்தர் அணியிடம் வருசாவருசம் தோற்ற ஒரு கழகத்தார் மதுரைக்குப் புகார் அனுப்பிவிட்டார்கள். அந்நிய நாட்டான் ஒருவன் அனுமதியில்லாமல் சம்பளத்துக்கு ஆடுகிறான் என்று.

என்னை மட்டும் தனியாக விசாரித்தார்கள். ராவுத்தரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் நான் சொல்வதையெல்லாம் தட்டச்சில் அடித்தார்.

"உங்க மொதலாளி உங்ககிட்டச் சம்பளம் பேசினாரா?" என்று கேட்டார் அதிகாரி.

உங்களுக்குத் தெரியும், நம்மிடத்தில் ஒருவன் இன்னொருவனைப் பேசினான் என்றால் ஏசினான் என்று அர்த்தம். இங்கே வந்து இத்தனை வருசத்துக்குப் பிறகுமா என்று கேட்காதீர்கள். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் காதுக்குள் இருப்பது பிறந்த ஊரின் பேச்சுதான். சம்பள விசயமாக ராவுத்தர் என்னை ஏசினாரா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல மனிதரைப் பற்றி இப்படியொரு கேள்வியா என்று ரோசம்கூட வந்தது.

"இல்லை ஐயா! அவர் ஒரு நாளும் பேசினதில்லை!"

தட்டச்சு ஓடியது. கையெழுத்துப் போட்டேன். பிறகு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு. சம்பளம் பேசலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப நீங்க வேலையாள் இல்ல, புகார் தள்ளுபடி. ஆனா வேலையாள் இல்லாதவரு தோல் ஷாப்பு டீம்ல எப்படி ஆடுவீங்க? அது தொழிலாளிங்க டீம்ல? ஆடக் கூடாது. இலங்கையில இருந்து டீம் வருதே, அதுக்கு அனுமதி இருக்கு. நீங்களும் இலங்கைதானே? அதுல ஆடினா எனக்கு ஆட்சேபணை இல்லை."

எனக்கு உதவுவதாகவே அவர் நினைத்தார். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

வெளியே வந்து ராவுத்தரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நான் கப்பல் ஏத்திக் கூட்டியாந்த ஆளை எனக்கெதிராவே நிறுத்துறாய்ங்கப்பா!"

"நான் ஆடவில்லை முதலாளி. பேசாமல் மைதானக் கரையில் இருந்துவிடுகிறேன்."

"நீ ஒக்காந்தேன்னா ரெண்டு பக்கமும் பேசுவாய்ங்க. பாப்போம். அல்லா விட்ட வழி."

6

பாசையூர் அணி வந்து இறங்கியபோது அவர்களுடைய கோல் காப்பாளன் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான். கடல் பயணமோ, வழியில் சாப்பிட்டதோ தெரியாது. கிறகோரி நேரே என் வீட்டுக்கு வந்தான். ரோசாவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"கோலுக்கு ஆளில்லை. நீ இருக்கிறாய். இதிலை என்ன யோசினை?"

"இவையோடை ஏழெட்டு வருசம் விளையாடினனான், மச்சான்."

"எங்களோடை எத்தினை வருசம் விளையாடினனி? நடக்கத் தொடங்கினதிலையிருந்து."

அவன் போன பிறகு ரோசா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஆடுங்க. ஆனா ஜெயிச்சாலும் தோத்தாலும் மறுநா நீங்க நடக்கப் போறது இந்தத் தெருவுலதான். அதை நெனச்சுக்கங்க."

அமலன் கேட்டது வேறு. "அப்பா, நீங்க நம்ம டீம் இல்லையா?"

அந்த "நம்ம" என்பதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஆட்டத்தன்று மலையடிவாரத்தில் எள் போட இடமில்லை. பாறையின் சரிவிலெல்லாம் தலைகள். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர்கள்கூட ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றார்கள். நான் பாசையூரின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோலுக்குள் போய் நின்றேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எதிரே பக்கீர் நின்றான். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நான் பார்த்த முதல் நாள் அது.

முதல் பாதியில் பக்கீர் அடித்த இரண்டு பந்துகளைப் பிடித்தேன். இரண்டும் கோலாகியிருக்க வேண்டிய பந்துகள். இரண்டாவதைப் பிடித்து எழுந்தபோது சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே சிலோனு! யாரு சோத்தைத் தின்னுட்டு யாருக்குப் பந்து பிடிக்கிறே?"

சிரிப்பும் ஊளையும் எழுந்தன. பேகம்பூரில் தினம் என்னோடு டீ குடிக்கிற முகங்கள். கிறகோரி ஓடி வந்து முதுகில் தட்டி, "உதுகளைக் கேளாதை" என்றான்.

இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பக்கீர் நடுவிலிருந்து தனியாகப் பந்தைக் கொண்டு வந்தான். எங்கள் தடுப்பு ஆட்டக்காரன் சறுக்கி விழுந்தான். இனி நானும் பக்கீரும் மட்டும். அவனுக்கு என்னைத் தெரியும். முந்திய வருசம் தோளில் அடிபட்ட பிறகு இடப்பக்கம் தரையோடு வருகிற பந்துக்கு என்னால் முன்போல விழ முடியவில்லை. அதை அவனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன், அந்தப் பக்கமே அடித்து என்னைப் பழக்கு என்று. அடித்து அடித்து அவனுக்கும் அது பழகிவிட்டது. அந்த இடத்துக்குத்தான் இப்போது அடித்தான். அவன் நேர்மையாக ஆடினான். வேறு எங்கே அடிப்பான்?

விழுந்தேன். விரல் நுனியில் பந்து பட்டது. பட்டுக்கொண்டே உள்ளே போனது.

நடந்தது அவ்வளவுதான். எனக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், தோளில் பழைய அடி, எதிரே என் பலவீனம் தெரிந்த நல்ல ஆட்டக்காரன். விட்டுக் கொடுக்கவும் இல்லை, விலை போகவும் இல்லை. பிடிக்க முடியவில்லை.

ஆனால் கெட்டது அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. பக்கீரைத் தூக்கினார்கள். பிறகு என்னிடம் ஓடி வந்தார்கள். "சிலோன் அண்ணே! சிலோன் அண்ணே!" என்று கத்திக்கொண்டு என்னையும் தோளில் தூக்கிவிட்டார்கள். கோலைப் போட்டது நானே என்பதுபோல. கொஞ்ச நேரத்துக்கு முன் ஊளையிட்டவர்கள்தான். அவர்கள் மனதில் நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன். "இறக்குங்கள், இறக்குங்கள்" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது கிறகோரி தெரிந்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

7

அவர்களை வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். ரோசாவும் அமலனும் வந்தார்கள். ரோசா வழிக்கென்று புளிச்சோறு கட்டி வந்திருந்தாள். அணியிலிருந்த பெடியன்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கிறகோரி என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியே கூட்டிப் போனான்.

"உண்மையைச் சொல்லு மச்சான். நான் ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"பிடிக்க ஏலாமப் போச்சு."

"அந்த மாதிரிப் பந்தை நீ விட்டதை நான் கண்டதில்லை."

"என்னை நீ கண்டு எத்தினை வருசம், கிறகோரி? எனக்கு வயசு போச்சு."

அவன் தலையாட்டினான். நம்பினானா தெரியவில்லை. நம்ப ஆசைப்பட்டான் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டான். "உன்ரை விசா அடுத்த கிழமை முடியுது எண்டு சொன்னாய். எங்களோடை வந்திடு. ஊரிலை வந்து திரும்பக் கோலுக்குள்ளை நில். சனம் தன்ரைபாட்டிலை மறந்திடும்."

நான் பிளாட்பாரத்தைப் பார்த்தேன். ரோசா அமலனின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவையள் ரெண்டு பேரும் இந்தியாக்காரர். அங்கை இறங்க இவையளுக்கு விசா வேணும், மச்சான். பிறகு வருசாவருசம் இவையளைக் கொண்டு நான் விசாக் கந்தோர் வாசலிலை நிக்க வேணும்."

கிறகோரி அதை யோசித்திருக்கவில்லை. வண்டி கிளம்பும்வரை பிறகு நாங்கள் மழையைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் கதைத்தோம்.

8

மதுரையில் நீட்டிப்புக் கொடுத்தார்கள். குடும்பம் இங்கே இருப்பதால் தங்கலாம், எந்த வேலையும் செய்யக் கூடாது என்று இம்முறை தெளிவாக எழுதியிருந்தார்கள். புகார் வந்த பிறகு எல்லோரும் கவனமாகிவிட்டார்கள்.

"பந்து?" என்று கேட்டேன்.

"காசு வாங்காம என்னத்தை வேணும்னாலும் பிடிங்க" என்றார் அதிகாரி.

ராவுத்தரால் அதன்பின் கையில் எதுவும் கொடுக்க முடியவில்லை. பெருநாளுக்கு அரிசி வரும், வெள்ளாட்டங்கறி வரும். ரோசா வாங்கி வைப்பாள். அவளுடைய சுருட்டு வேலையில்தான் அடுப்பு எரிந்தது. காலையில் அவள் வேலைக்குப் போனபின் தெருக்குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று குடத்தில் தண்ணீர் பிடித்தேன். திண்டுக்கல்லில் தண்ணீர் என்பது ஒரு நாளின் பாதியைத் தின்கிற வேலை. சோறு வடித்தேன். மாலையில் மைதானத்தில் தோல் ஷாப்புப் பையன்களுக்குக் கோல் காக்கச் சொல்லிக் கொடுத்தேன். "சிலோன்காரரு சும்மாதான் இருக்காரு" என்று ஊரில் பேர். சும்மா இருப்பதைப் போலக் களைப்புத் தருகிற வேலை வேறில்லை. முழங்காலும் போய்விட்டது. கோலுக்குள் நிற்பதை ஒருநாள் நானே நிறுத்திக்கொண்டேன்.

ராவுத்தர் மௌத்தானார். ஜனாசாவின் பின்னால் கபுறுஸ்தான்வரை நடந்தேன். அழுதேன். அவருடைய பிள்ளைகளுக்குப் பந்தில் நாட்டமில்லை. எனக்கு ஜாமீன் நிற்கவும் மனமில்லை. பக்கீர் தான் நிற்கிறேன் என்று மதுரைவரை வந்தான். சொத்து இருக்கிறவர் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது புதிதாக வந்திருந்த இளவயது அதிகாரிதான் சொன்னார்: "ஏன் சார் வருசா வருசம் அலையிறீங்க? இந்தியக் குடிமகனாப் பதிஞ்சுக்கங்களேன். இலங்கைப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று தற்காலிகமாக ஒரு நீட்டிப்பு வாங்கி வந்து, ஒரு வருசமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ரோசா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விரல்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"சுருட்டுச் சுத்திக் கை வலிக்குதுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனா வருசா வருசம் நீங்க மதுரைக்குப் போற அன்னிக்கு, இவரு திரும்பி வருவாரா, அங்கிட்டே கப்பல் ஏத்திருவாய்ங்களான்னு பஸ்ஸைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன் பாருங்க, அதுதான் இனிமே முடியலை."

அவள் பஸ் நிலையத்தில் வந்து நிற்பாள் என்பதே எனக்குத் தெரியாது. தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததாகத்தான் ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

9

போன வாரம் மதுரையில் என் இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, இந்தியாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொன்னேன். ரோசாவும் அமலனும் கூட வந்திருந்தார்கள். அமலனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. உறுதிமொழியைச் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று பயந்திருந்தேன். நடுங்கவில்லை. கூப்பிடும்வரை வெயிலில் நின்ற களைப்புதான் இருந்தது.

இளவயது அதிகாரி எழுந்து கை கொடுத்தார். என் பழைய கதையைப் படித்திருந்தார் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே நீங்க எந்த டீமுக்கு வேணும்னாலும் ஆடலாம் சார். சம்பளமும் வாங்கலாம்."

"சந்தோசம் ஐயா" என்றேன். படியிறங்க அமலனின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முழங்கால் அப்படி.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் ஒன்றும் இல்லை. வரும் திங்கள் முதல் தோல் ஷாப்பில் எனக்கு வேலை. வருகிற தோலைத் தரம் பார்த்து அடுக்குவது. பக்கீர் சொல்லி வைத்திருக்கிறான். அவனும் இப்போது ஆடுவதில்லை. தொந்தி விழுந்துவிட்டது.

திரும்பும்போது ரயிலில் வந்தோம். கூட்டமில்லை. ரோசா சன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேலைநாளில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. கொடைக்கானல் ரோடு தாண்டியதும் அமலன் எதிர்ப் பலகையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு மேட்சுல, உங்களுக்கு யாரு ஜெயிக்கணும்னு இருந்துச்சு?"

இத்தனை வருசத்தில் கிறகோரி கேட்காத கேள்வி. ராவுத்தர் கேட்காதது. மதுரையில் யாருமே கேட்காதது. எல்லோரும் நான் வேண்டுமென்று விட்டேனா, பிடிக்க முடியாமல் போனதா என்றுதான் கேட்டார்கள்.

உண்மையைச் சொன்னேன்.

"பந்து என் பக்கம் வராம இருந்தாப் போதும்னு இருந்துச்சுப்பா."

அவன் சிரிக்கவில்லை. "அம்புட்டு நேரமுமா?" என்று கேட்டான்.

"அம்புட்டு நேரமும்."

அம்பாத்துரை வந்தது. இன்னும் ஒரு ஸ்டேஷன்தான். "அம்மாவை எழுப்பவா?" என்றான். "வேணாம், செத்த நேரம் தூங்கட்டும்" என்றேன்.